பருப்புக்கா, படத்துக்கா நல்ல தண்ணி?

பிப்ரவரி 11, ஞாயிறு

பழைய பாத்ரூம்தான் என் டார்க்ரூம். இன்று தரை, சுவர், ஃபிலிம் கழுவும் டேங்க் எல்லாவற்றையும் தேய்த்து வைத்தேன். நெகட்டிவில் ஒரு தூசி ஒட்டினாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும். செருப்பை வெளியே விட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்கிறார். அடுப்படியில் நேற்றைய தோசைக்கல் அப்படியே கிடக்கிறதாம். கிடக்கட்டும். தோசைக்கல்லில் யார் மூஞ்சியும் தெரியப்போவதில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

ஒகேனக்கல்லில் எடுத்த ரோலை இன்னும் கழுவவில்லை. பயம். அதில் பூவிழி சிரிக்கிறாள்.

இவருடைய தங்கச்சி, என் நாத்தனார். சின்ன வயசில் போர் தண்ணி குடித்துக் குடித்துப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. இவர் வளர்ந்த பிறகுதான் ஊரில் போர் போட்டார்களாம், தப்பித்தார். இந்தப் பக்கம் எத்தனையோ பேருக்கு உண்டு. ஆனால் கேமராவைக் கண்டதும் வாயைப் பொத்துகிறவள் இவள் ஒருத்திதான். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க அவளுடைய கைதான் இருக்கிறது. அன்றைக்குப் பரிசல்காரர் நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றோ சுழற்றென்று சுழற்றினார். அண்ணனும் தங்கச்சியும் ரெண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே கத்தல், ஒரே சிரிப்பு. வாயைப் பொத்தக் கை ஏது? ஒரே ஒரு க்ளிக். இன்னொரு தடவை கிடைக்குமா?

பிப்ரவரி 14, புதன்

குழாயில் ஒகேனக்கல் தண்ணி வந்தது, போர் தண்ணி மாதிரி உப்பில்லாத ஆத்துத் தண்ணி. ஃபிலிமின் கடைசி அலசலுக்கு என்று ஒரு குடம் பிடித்து, தட்டு போட்டு மூடி, 'தொடக்கூடாது' என்று சாக்பீஸில் எழுதியும் வைத்தேன்.

பிப்ரவரி 17, சனி

தொட்டாச்சு! வேற யாரு, இவருதான். சாம்பார் வெக்கிறாராம்.

நான் உள்ள டெவலப்பர், ஃபிக்ஸர் எல்லாம் முடிச்சிட்டு வந்து பாத்தா குடம் காலி. "போர் தண்ணியில பருப்பு வேகாது கலை, உனக்குத் தெரியாதா?" தெரியாம என்ன? பருப்புக்கே ஆகாத தண்ணி என் ஃபிலிமுக்கு மட்டும் ஆகுமா? பக்கத்து வூட்ல ஒரு சொம்பு கேட்டிருக்கலாம். கோவத்துல போர் தண்ணியிலயே அலசித் தொங்கவிட்டேன். புத்தி கெட்டவ.

காஞ்சதும் உப்புப் பூத்திருக்கு — சரியா பூவிழி மூஞ்சி மேல. துடைச்சா கீறல் விழும். விட்டா வெள்ளை வெள்ளையாத் தெரியும். அழுதுட்டேன். சாம்பாரை நான் தொடவே இல்ல. வாசனை என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் இவர் ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்தார். இன்வெர்ட்டருக்கு வாங்கின பேட்டரி தண்ணி. "இதுல உப்பே கிடையாது. ஊறப்போட்டுப் பாரேன்" என்றார், தோசைக்கல் தேய்த்த கையோடு.

ஊறப்போட்டேன். தூசி அடங்கட்டும் என்று டார்க்ரூம் தரையில் வெந்நீர் ஊற்றி, ஃபிலிமை அங்கே தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் பார்த்தால் உப்பு போன இடம் தெரியவில்லை! அப்புறம் கரண்ட் போனது. தண்ணி போதாத இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்தியது. இவர் கத்தவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூவிழி வந்தாள். "ஓரத்துல மட்டும் பிடி" என்று சொல்லி நெகட்டிவைக் கொடுத்தேன். நெகட்டிவில் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும்தானே தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், "அண்ணி, இதுல அண்ணனுக்குத்தான் பல்லு கருகருன்னு இருக்கு. எனக்கு வெளுப்பு!" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. கையும் வாய்க்குப் போனது.

மார்ச் 3, ஞாயிறு

பிரிண்ட் போட்டாச்சு. எங்கிருந்துதான் வருமோ, அப்படியும் ரெண்டு தூசிப் புள்ளி. மெல்லிய பிரஷ்ஷும் மையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூவிழி பக்கத்திலேயே இருந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்: "படத்துல பல்லையும் கொஞ்சம் வெளுக்க வெக்கட்டுமா? அதுக்கும் மருந்து இருக்கு."

படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"தூசிய மட்டும் எடுங்க அண்ணி. பல்லு என்னோடதுதானே."

ஹாலில் மாட்டியிருக்கிறோம். "அண்ணா, உங்க சாம்பாருக்கு என் மூஞ்சியே கரைஞ்சு போயிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். கை இடுப்பிலேயே இருந்தது.