எல்.கே.ஜி.யில் ஓர் இடம்

மே 15, புதன்
பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் விளையாடிய மகள் காவேரியைக் காணவில்லை. டிராக்டருக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை எடுக்கவிருந்த மாயவன் அண்ணன்தான் பார்த்தார். "மூணரை வயசு புள்ளைய இங்க கூட்டியாராத கலை" என்று கத்தினார். கத்தட்டும். அவர் மட்டும் குனிந்து பார்க்காமல் இருந்திருந்தால்?

மே 16
எங்கள் தெருமுனை நர்சரிப் பள்ளிக்குள் முதல்முறையாகப் போனேன். பீஸ் கேட்கவே பயம். தலைமை ஆசிரியை அன்ஜும் டீச்சர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "ஏழைப் புள்ளைங்களுக்குன்னு நாலுல ஒரு பங்கு இடத்துக்கு அரசாங்கமே பீஸ் கட்டுதுங்க. எங்ககிட்ட ஏழு இடம். திங்கக்கெழம கடைசி நாளு."

இத்தனை நாள் அந்த கேட்டைத் தாண்டித்தானே போய்வந்தேன்!

மே 17, வெள்ளி
பிறப்புச் சான்றிதழில் காவேரியின் பெயரே இல்லை. பிறந்த தேதி, எங்கள் பெயர்கள், அவ்வளவுதான். பெயர் சேர்க்க எங்களுக்குத் தோன்றவேயில்லை. அன்ஜும் டீச்சர் என்னைத் தன் ஸ்கூட்டரில் பேரூராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். நான்கு மணிக்குப் பெயர் சேர்த்துக் கொடுக்கும்வரை என்கூடவே பெஞ்சில் இருந்தார். பிறகு பள்ளிக் கம்ப்யூட்டரில் அவரே விண்ணப்பம் போட்டார். நான் அவருக்கு என்ன உறவு?

மே 28, செவ்வாய்
குலுக்கல். ஏழு இடத்துக்குப் பதினைந்து பேர். நான்காவது சீட்டு: "காவேரி, தந்தை பெயர் மாதவராஜ்." பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அவருக்கு உடனே போன் செய்ய நினைத்தேன். பக்கத்தில் ஒரு பெண், பெயர் வராத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்த பிறகுதான் செய்தேன்.

ஜூன் 10
முதல் நாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். நல்லதுதானே? அப்புறம் ஏன் இப்படி இருக்கிறது?

ஜூலை 6, சனி
பெற்றோர் கூட்டம். பானுமதி என்ற அம்மா எழுந்தார். அவர் மகனும் காவேரி வகுப்புதான். "இலவசமா சேர்ந்த புள்ளைங்களுக்குத் தனி பெஞ்சு போடுங்க டீச்சர். மார்க்கெட் வாடை அடிக்குது."

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ! "தெனமும் குளிப்பாட்டித்தானுங்க அனுப்பறேன்" என்றேன்.

அன்ஜும் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "இதுல இருபத்தெட்டு பேரு இருக்குது. யாருக்கு யாரு பீஸ் கட்டறாங்கன்னு இதுல எழுதறதில்லீங்க. அது என் பீரோவுல இருக்கற விஷயம். கிளாசுக்குள்ள வராது. டி.சி. வேணும்னா திங்கக்கெழம வாங்கிக்கங்க."

சத்தம்கூட உயர்த்தவில்லை அவர்.

ஜூலை 8
இரண்டு பேர் டி.சி. வாங்கிப் போய்விட்டார்கள். சின்னப் பள்ளி, தாங்குமா? "என்னாலதானே டீச்சர்?" என்று கேட்டேன். "புள்ளைய நேரத்துக்குக் கொண்டாந்து வுடுங்க, அது போதும்" என்றார். பானுமதி டி.சி. வாங்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி
பானுமதி போன் செய்தார். பஸ் ஓசூரிலேயே நின்றுவிட்டதாம். "காவேரி அம்மாங்களா? யார் வூட்டுக்குப் போறேன்னு டீச்சர் கேட்டா, பையன் காவேரி பேரைத்தான் சொல்றானாம். நான் வர்றவரைக்கும் உங்க வூட்டுல வெச்சுக்கறீங்களா?"

பள்ளியிலிருந்து அவனையும் கூட்டி வந்தேன். ஆறு மணிக்குப் பானுமதி வந்து கூப்பிட்டார். அவன் வரமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். காவேரியும் கூடவே புகுந்துகொண்டாள்.

பானுமதி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.