நாத்தனார் வீட்டுப் பேர்ப்பலகை

ஆவணி பத்து, புதன் ராத்திரி.

மருமகள் மஞ்சுளா மேல இருக்கிற எரிச்சல்ல தூக்கம் வரல. நகரியில என் நாத்தனாரோட புது வீட்டுக்கு நாளைக்குக் கிரகப்பிரவேசம். மஞ்சுளா மேசை மேல வச்சிருக்கிற, கம்ப்யூட்டர் சொல்றபடி மரம் செதுக்குற சிஎன்சி மிஷின்லயே பேர்ப்பலகை செதுக்கித் தரோம்னு வாக்குக் கொடுத்தாச்சு. இருந்தது ஒரே தேக்குப் பலகை.

காலையில பலகையை மிஷின்ல இறுக்கினதும், செதுக்குற முனை எங்கே தொடங்குதோ அந்த இடத்துல நான் பென்சில்ல கோடு போட்டேன். கரெண்ட் போனா மிஷினுக்கு இடம் மறந்துடும். போன மாசமே பார்த்தேன். "கிறுக்காதீங்க அத்தே, கம்ப்யூட்டர் பார்த்துக்கும்"னு துடைச்சிட்டா. பேரைப் பாதி செதுக்கிக்கினு இருக்கும்போதே கரெண்ட் போச்சு. வந்ததும் முனையைக் கண்மதிப்பா வச்சு முதல்லேருந்து ஓட்டினா. எழுத்து மேல எழுத்து ஏறி, பேரே படிக்க முடியல.

"இப்ப என்ன அத்தே பண்றது?"ன்னு என்னையே கேக்குறா.

"திருப்பிப் போட்டுப் பின்பக்கம் ஓட்டுடி"ன்னேன். அது நல்லாவே வந்துச்சு.

ஆனா நாத்தனார் லேசுப்பட்டவ இல்ல. என் கல்யாணத்துல சீர்ப் பாத்திரத்தை ஒவ்வொண்ணா கவுத்து, யார் பேர் வெட்டியிருக்குதுன்னு பார்த்தவ. ஒரு குடத்துல எங்க பெரியம்மா பேர் இருந்ததைப் பந்தியில உக்காந்தவங்களுக்கெல்லாம் சொன்னா. ஐம்பது வருஷம் ஆச்சு, நான் மறக்கல. முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போய், அவ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பலகையைச் சுவத்துல ஆணியடிச்சுடணும்.