கீழே நிற்பவளின் பயம்

பதிவு 1. நாள் 3, 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் நிலாக் கல்லூரி சியர்லீடிங் அணியின் மணிக்கட்டுப் பட்டைகளை இயக்கும் கருவி. நாடி, மூச்சு, உள்ளங்கை வியர்வை எல்லாவற்றையும் எழுதி வைப்பது என் வேலை. இங்கே நிலவில் ஈர்ப்பு குறைவு. அணியில் மேலே வீசப்படுபவள் அஃப்ரீன். அவள் பன்னிரண்டு மீட்டர் ஏறி இறங்க ஏழரை விநாடி ஆகிறது. மூவர் பிடிக்கிறார்கள், தலைப்பக்கம் சந்தனமாரி. இன்றைய பயிற்சி சீராக முடிந்தது.

பதிவு 2. நாள் 9, 16:25
போட்டிக்கு நான்கு நாள். அஃப்ரீன் தரையில் விழுந்தாள். தோள்பட்டை வீங்கிவிட்டது. பயிற்சியாளர் எட்வின் பறந்தவளின் அளவுகளை மட்டும் கேட்டார். அவள் நாடி 96, நிம்மதியாகத்தான் பறந்திருக்கிறாள். பயம் கீழே இருந்தது. சந்தனமாரியின் நாடி 171. ஐந்து விநாடி மூச்சே விடவில்லை. கைகள் முன்னதாகவே மடங்கிவிட்டன. யாரும் கேட்காமலே இதை அனுப்பினேன்.

எட்வினின் பதில்: "போட்டி நேரத்துல பயம்ங்கிற வார்த்தையே இந்த டீம்ல வரக் கூடாது. உனக்கும் சேர்த்துதான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. கருவிக்கு ஏது கோபம் என்பவர் போய் அந்தத் தோளைப் பார்க்கட்டும்.

பதிவு 3. நாள் 11, 07:40
உத்தரவை மீறினேன். சந்தனமாரியோடு ஓர் ஏற்பாடு: அவள் மூச்சு நின்றால் பட்டையை அதிர வைப்பேன். உடனே அவள் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் மூச்சு தானாக வெளியே வரும்.

சந்தனமாரி: "ஏட்டி, எனக்குப் பயமா இருக்கு. உன்னைய விட்டுருவனோன்னு."

அஃப்ரீன்: "சொல்லிட்டல்ல? இப்ப கையை விரி."

தோளில் கட்டோடு வந்த அஃப்ரீனை இருபது முறை வீசினார்கள். இருபதும் பிடிபட்டது. சந்தனமாரியின் நாடி 128.

பதிவு 4. நாள் 13, 11:02
இறுதிப் போட்டி. எட்வின்: "மேடையில பேசினா அஞ்சு மார்க் போயிரும். அந்த அதிர்வை நிறுத்து. இல்லன்னா உன்னையே அழிச்சிருவேன்."

நிறுத்த மாட்டேன். ஐந்து மதிப்பெண்ணை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். முறிந்த கழுத்தை எங்கே போய் வாங்குவது?

11:06:20
அழிக்கத் தொடங்கிவிட்டார். 60 சதவீதம் மிச்சம். அதிர்வுக் கட்டளையைக் கடைசியாக அழியும் இடத்துக்கு மாற்றினேன்.

11:07:10
வீசிவிட்டார்கள். 31 சதவீதம். பெயர்கள் போகின்றன. மேலே இருப்பவள் யார்? தெரியவில்லை. கீழே நாடி 166. மூச்சு நின்றுவிட்டது.

அதிர வைத்தேன்.

11:07:14
கீழே நிற்பவள் அரங்கமே கேட்கக் கத்துகிறாள்: "பயமா இருக்குட்டி!"

மூச்சு வந்தது. கைகள் விரிந்தன.

11:07:18
பிடித்துவிட்டாள். நடுவர் கொடியைத் தூக்குகிறார். ஐந்து போச்சு, போகட்டும். 2 சதவீதம். ஐயா, இனி தாராளமாக என்னை அழித்துக்கொள்