வலப்பக்கம் போன குண்டு

நவம்பர் 8, சனிக்கிழமை

இன்றும் என் கணவர் மானைத் தவறவிட்டார். அது அசையாமல்தான் நின்றது. குண்டு எங்கேயோ போனது.

"ஸ்கோப்தான் பிழை. போன கிழமை நிலத்தில விழுந்ததெல்லோ. நீர் ஒருக்கா சுட்டுப் பாரும்" என்று, மேலே குறிபார்க்கும் ஸ்கோப் பூட்டிய துப்பாக்கியை என்னிடம் தந்தார். எனக்கும் வேட்டை லைசென்ஸ் இருக்கிறது. தூரத்தில் ஒரு கடதாசி மட்டையை வைத்து, அதில் வரைந்த கறுப்புப் பொட்டைப் பார்த்து மூன்று முறை சுட்டேன். நடந்துபோய்ப் பார்த்தால் மூன்றும் பொட்டுக்குள் இருந்தன.

"எங்க பட்டிருக்கு?" என்று இவர் தூரத்தில் நின்றே கத்தினார்.

கோடையிலிருந்து இவருடைய கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"எல்லாம் வலப்பக்கம் போகுதப்பா!" என்றேன். மட்டையைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.

"நான் சொன்னனெல்லோ!" இவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி.

மல்வேர்னில் எங்கள் வீடு வரும்வரை வண்டியை நான்தான் ஓட்டினேன். இவர் புது ஸ்கோப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அது வந்த பிறகும் குறி தவறினால்? திங்கட்கிழமை டொக்டரிடம் போவோம் என்று சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது?

இப்போது பேஸ்மென்டில் பழைய ஸ்கோப்பைக் கழற்றுகிறார். திருகாணி நிலத்தில் விழும் சத்தம் கேட்கிறது. தேடி எடுக்கிறார். மறுபடியும் விழுகிறது.