மாடி வீட்டுத் தம்பியின் நாற்காலி

என் கண்ணான மகளுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் மகளும் சுகம், முழங்கால் வலியும் என்னைவிட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இப்போது கவலை.

நேற்று உன் கடிதம் வந்தது. அஞ்சாவதோடு நின்றவள் பெற்ற பிள்ளை இன்ஜினியர்களையே எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டு வேலைக்கு எடுக்கிறாள் என்று காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், அதற்குப் பயந்தே அவர் ஒழுங்காக நிறுத்துப் போடுகிறார். ஆனால் நீ கேட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. மலைக்கு மேலே கட்டுகிற அணைக்கு, எந்த வேலை எப்போது முடியும், எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிற மேனேஜர் வேண்டும், தெரிந்தவர் உண்டா என்கிறாய். நீ எடுத்து அனுப்பின நம் மாடி வீட்டுத் தம்பி அந்த நாற்காலியில்தானே இருக்கிறான். அவன் விலகினதாக அவன் பெண்டாட்டிக்கே தெரியாது, தினமும் போன் பண்ணுகிறான்.

அந்தப் போன்தான் சரியில்லை. முன்னெல்லாம் அன்றைக்கு நடந்ததைச் சொல்வான், இப்போது நடக்கப்போவதைச் சொல்கிறான். சிமென்ட் லாரி சேற்றில் சிக்கும் என்றால் அது அவன் தொழில். சமையலறை பல்பு போகும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வியாழக்கிழமை இறங்கும் என்கிறான், அப்படியே நடக்கிறது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பதே இல்லை, அவனுக்குத்தான் தெரியுமே. முதலில் சிரித்தோம், பரீட்சைக் கேள்வியைக் கேட்டு வாங்கச் சொன்னாள் உன் மகள். இப்போது மணி அடித்தால் அவன் பெண்டாட்டி போனை எடுக்காமல் என்னைக் கூப்பிடுகிறாள். போன வாரம் நானே போனை வாங்கி எப்போது வீட்டுக்கு வருவாய் என்றேன். ரொம்ப நேரம் காற்று மட்டும் கேட்டது. "மாசக் கடைசிக்கு மேல என் பேர்ல ஒண்ணும் இல்லம்மா. என் எடத்துக்கு ஆள் வந்துடும்" என்றான். யார் என்று கேட்டேன். "ஒங்க பொண்ணுதான்."

உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். ஆள் கிடைக்காவிட்டால் மாசக் கடைசியில் நானே போய்க் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று நேற்றைய கடிதத்தில் நீ எழுதியிருக்கிறாய். உடனே உனக்குப் போன் போட்டேன், அதே காற்றுதான் கேட்டது.

காலையில் மறுபடி அவளிடம் பேசினானாம். கீழ் வீட்டு அம்மா தன் பெண்ணுக்குக் கடிதம் எழுதுவார்கள், அது தபாலில் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெண் கிளம்பியிருப்பாள் என்றானாம். அதனால் தபாலில் போடவில்லை. அவன் பெண்டாட்டியே குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் இதை எடுத்துக்கொண்டு வருகிறாள். அவள் வருவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. வேலை போனாலும் போகட்டும், புது ஆள் தேடாதே, ஆட்களை அனுப்பி அந்தத் தம்பியைக் கீழே கூட்டிவரச் சொல். இதைக் கொண்டுவந்தவளை உள்ளே உட்காரவை, நீ எங்கேயும் போகாதே.

உன்னைப் பெற்ற பெருமையோடு,
அம்மா