ரொட்டி மதாம் லெகோக்கிடம் இருக்கிறது

ஃபெர்கஸ்,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. குழந்தை ஐலாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் சென்-மாலோ கடற்கரைக்குக் கிளம்பிவிட்டேன். "அடுத்த ஞாயிறு போலாம்" என்று நீ சொல்லிச் சொல்லியே கோடை முடியப்போகிறது.

சூப் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். ரொட்டியைக் கீழே மதாம் லெகோக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு என்பதால் மதியமே கடையை மூடிவிடுவார்.

"இந்த ஊர்ல ஒருத்தனும் நம்மள மதிக்கல, ஸ்காட்லாந்துக்கே திரும்பிப் போயிடலாம்" என்று நேற்று கத்தினாயே, ஏன் என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "உங்க வீட்டுக்காரர் உள்ள வந்ததும் வராததுமா 'ரெண்டு ரொட்டி'ங்கிறார். நான் என்ன மெஷினா? ஒரு வணக்கம் சொன்னா வாய் வலிக்குமா?" என்றார். நம் ஊர்க் கடையில் ஒரு சிரிப்பு போதும். இங்கே போதாது.

நான் ஸ்காட்லாந்து திரும்பப்போவதில்லை, முடிவு செய்துவிட்டேன். நீ இல்லாமல் இங்கே இருப்பதாகவும் இல்லை.

மொய்ரா

சாவி வழக்கமான ஆணியில்.

இன்னொன்று: மத்தியான ரயிலுக்கு உனக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். போகிற வழியில் மதாம் லெகோக்கிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வணக்கம் சொல்லாமல் கேட்டால் தரவேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன்.