மூலைக்கெல்லாம் பஞ்சு

இந்தக் காலத்துல யாருக்கும் ஒரு சேதியை நின்னு நிதானமாச் சொல்லத் தெரியலை. ரத்தம் எடுக்கிற இடத்துப் பொண்ணு போன்ல, "தாத்தா, பாட்டிக்கு பிளேட்லெட் ஏறிடுச்சு, நாளைக்கு கீமோ போடலாம்"னு சொல்லிட்டு வச்சிட்டா. எந்தப் பாட்டின்னு கேக்கிறதுக்குள்ள லைன் போச்சு. சினைப்பைக் கட்டிக்குப் போட்ட மருந்தே ரத்தத்தை உறைய வைக்கிற அந்த பிளேட்லெட்டை இறக்கிவிட்டு, போன தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பினோமே. அதனால ரிசல்ட் காகிதத்தைக் கண்ணால பாத்துட்டு வரேன். நீ அசந்து தூங்குற, எழுப்பலை.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூட்டுல வாய் புண்ணாகாம ஆறினப்புறம் சாப்பிடு. கதவு பூட்டியிருக்கு, உன் தங்கச்சிகிட்ட சாவி இருக்கு. அவ தலைவலி மாத்திரை நீட்டினா டாக்டரைக் கேக்காம வாங்காத.

காலையில, "நான் என்ன உங்க கடையில தைக்கிற சோபாவா?"ன்னு கேட்ட. மேசை, கட்டில் மூலைக்கெல்லாம் பஞ்சு வச்சு ரெக்சின் அடிச்ச வேகத்துல, சமையலறை இழுப்பறையையும் சேத்து அடிச்சிட்டேன். கத்தி உள்ள மாட்டிக்கிச்சு. மாட்டட்டும். லேசா மேசையில இடிச்சதுக்கே உன் தொடை கத்திரிக்காய் நிறத்துக்குக் கன்னிப்போச்சே.

பல்லு தேய்க்க மெத்துன்னு இருக்கிற பிரஷ்தான், மறக்காத.

காகிதத்துல உன் பேரு இருந்தா இழுப்பறையை மட்டும் பிரிச்சுத் தரேன். கட்டில் மூலையைத் தொட மாட்டேன்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரலை. இருந்தாலும் நாளைக்குக் கொண்டுபோற பையில உன் போர்வையை மடிச்சு வச்சிட்டேன். கிளம்பறேன்.